பிக்சலில் பீட்டாவைக் கையால் ஏற்றுவது: கூகுளின் முழு ஓடிஏ கோப்பு எப்படி?

பிக்சல் ஃபோன் வைத்திருப்பவர்கள் ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பை முன்கூட்டியே பார்க்க கூகுள் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்ட் பீட்டா திட்டத்தில் ஃபோனைப் பதிவுசெய்துவிட்டு, அப்டேட் தானாக வரும்வரை காத்திருக்கலாம். குரோம் உலாவிக்குள்ளேயே ஓடும் ஆண்ட்ராய்ட் ஃப்ளாஷ் டூலைப் பயன்படுத்தலாம். அல்லது முழு ஓடிஏ கோப்பை (அப்டேட்டுக்குத் தேவையான அத்தனையும் அடங்கிய ஜிப்) கணினியில் இறக்கி, கேபிள் வழியாக ஃபோனில் ஏற்றலாம். சைடுலோட் என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். இந்த விமர்சனமும் அதைப் பற்றியதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றில் இதுதான் சிறந்த வழி. பூட்லோடரை (ஃபோன் எழும்போது முதலில் ஓடி, எந்த மென்பொருளை ஏற்கலாம் என்று காவல் காக்கும் நிரல்) திறக்க வேண்டியதில்லை, ஃபோனில் இருக்கும் படமோ செய்தியோ அழியாது, சர்வர் எப்போது நம் முறையைக் கொடுக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். போலிக் கோப்பையோ பாதியில் உடைந்த கோப்பையோ கொடுத்தால் ஃபோனே முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிடும். இவ்வளவு பாதுகாப்பாகக் கட்டப்பட்ட அப்டேட் முறை கைபேசி உலகில் அரிது. ஆனால் இது ஒருவழிப் பாதை. கோப்பு அசலா என்று ஃபோன் பார்க்கும். அந்த அசல் கோப்பு உங்களை எந்தப் பதிப்பு வரிசையில் கொண்டுபோய் மாட்டிவிடும், அடுத்த நிலையான பதிப்புக்கு எப்போது வர முடியும் என்பதையெல்லாம் அது பார்க்காது. அதை நீங்கள்தான் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். கூகுள் கொடுத்திருக்கும் படிமுறை ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பீட்டோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பீட்டா திட்டத்தில் சேர்ந்தால் சுமார் 24 மணி நேரத்துக்குள் அப்டேட் வந்துவிடும் என்று கூகுள் சொல்கிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு அதுவே போதும். வருவது மாற்றங்களை மட்டும் கொண்ட சிறிய கோப்பு என்பதால் டேட்டாவும் மிச்சம். ஃப்ளாஷ் டூல் அழகான கருவி, ஆனால் அதற்கு பூட்லோடர் திறந்திருக்க வேண்டும். திறக்கும் நொடியில் ஃபோன் முழுவதும் துடைக்கப்படும். ஆய்வுக்கென்று தனியாக ஒரு ஃபோன் வைத்திருப்பவர்களுக்கும், கெட்டுப்போன ஃபோனை மீட்பவர்களுக்கும் மட்டுமே அது பொருந்தும்.

எந்தக் கோப்பு?

கூகுளின் டெவலப்பர் தளத்தில் ஓடிஏ கோப்புகளுக்கு ஒரு பக்கமும், ஃபேக்டரி இமேஜுக்கு (ஃபோனின் மென்பொருளை முதலிலிருந்து எழுதும் முழுப் பிரதி) வேறொரு பக்கமும் உண்டு. இரண்டும் ஜிப் கோப்புகள், பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பூட்லோடர் மூடியிருக்கும் ஃபோனுக்கு ஃபேக்டரி இமேஜ் உதவாது. பெயரில் 'ஓடிஏ' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறக்க வேண்டும். பீட்டாவுக்கான ஓடிஏ கோப்புகள் நிலையான பதிப்புகளின் பட்டியலில் இருக்காது. அந்தந்த பீட்டாவின் பக்கத்தில் தனியாக இருக்கும். நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால்தான் இணைப்பு திறக்கும். அளவு இப்போதைய பிக்சல்களுக்கு 2 ஜிபிக்கு மேல், ஆகவே மொபைல் டேட்டாவில் தொடங்காமல் இருப்பது நல்லது.

கோப்புப் பெயர் ஃபோனின் குறிப்பெயரில் தொடங்கும். பிக்சல் 6ஏ என்றால் ப்ளூஜே, 7 என்றால் பேந்தர், 7 ப்ரோ சீட்டா, 7ஏ லிங்க்ஸ், 8 ஷிபா, 8 ப்ரோ ஹஸ்கி, 8ஏ அகிடா, 9 டோகே, 9 ப்ரோ கைமன், 9 ப்ரோ எக்ஸ்எல் கொமோடோ. 9 ப்ரோவுக்கும் 9 ப்ரோ எக்ஸ்எல்லுக்கும் கோப்பை மாற்றி இறக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மாறினாலும் ஆபத்தில்லை. 'இந்தக் கோப்பு வேறு சாதனத்துக்கானது' என்று ரெக்கவரி (அப்டேட் ஏற்றவும் பழுது பார்க்கவும் ஃபோனில் இருக்கும் தனி நிலை) மறுத்துவிடும். வீணாவது 2 ஜிபி மட்டுமே. நிலையான பதிப்புகளில் சில வரிகளுக்குப் பக்கத்தில் வெளிநாட்டு நெட்வொர்க் நிறுவனங்களின் பெயர் இருக்கும். இந்தியாவில் வாங்கிய ஃபோனுக்கு, பெயர் எதுவும் ஒட்டாத பொதுவான வரியே சரி.

குறிப்பெயருக்கு அடுத்து பில்ட் எண், அதாவது மென்பொருளின் அந்தக் குறிப்பிட்ட ஆக்கத்துக்கான எண். ஆண்ட்ராய்ட் 16 பீட்டா 4-இன் எண் பிபி22.250325.006. நடுவில் இருக்கும் ஆறு இலக்கம்தான் முக்கியம்: 2025 மார்ச் 25. அந்த பில்ட் வெளியான நாள் அதுவல்ல. மூல நிரலின் முதன்மைக் கிளையிலிருந்து அது பிரிந்த அல்லது கடைசியாக ஒத்திசைந்த நாள். (வெளியானது ஏப்ரல் 17.) இந்த எண்ணை மட்டும் வைத்து எது புதியது, எது பழையது என்று முடிவுகட்டுவதில் சிக்கல் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறோம்.

ஹாஷ் எதைக் காக்கிறது, எதைக் காக்காது

ஓடிஏ கோப்புப் பெயரின் கடைசி எட்டு எழுத்துகள், அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷின் முதல் எட்டு எழுத்துகள். முழு ஹாஷ் பக்கத்திலேயே இருக்கும். விண்டோஸில் 'செர்ட்யூடில்' கட்டளைக்கு ஹாஷ்ஃபைல் என்ற தேர்வையும் கோப்புப் பெயரையும் எஸ்எச்ஏ256 என்பதையும் கொடுத்தால் ஹாஷ் வந்துவிடும். பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' போதும், அதன் இயல்புநிலையே எஸ்எச்ஏ-256. லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்'. மேக்கில் 'ஷாசம்' கட்டளையோடு 'ஏ 256' தேர்வு. எட்டு எழுத்தோடு நிறுத்தாமல் 64 எழுத்தையும் ஒப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பதை நகலெடுத்து, ஒரு உரைக் கோப்பில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஹாஷ் பொருந்தினால் கோப்பு முழுதாக, சிதையாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். கூகுள்தான் இதை உருவாக்கியது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கோப்பும் ஹாஷும் ஒரே பக்கத்திலிருந்து வருபவை. பக்கமே போலி என்றால் ஹாஷும் அழகாகப் பொருந்தும். அசல்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது டிஜிட்டல் கையொப்பம். ஜிப் கோப்பின் வாலில் முழுக் கோப்புக்குமான கையொப்பம் ஒட்டியிருக்கும். ஃபோனுக்குள் ஏற்கெனவே இருக்கும் கூகுளின் சான்றிதழோடு ரெக்கவரி அதை ஒப்பிட்ட பிறகுதான் எழுதவே தொடங்கும். ஜிப்புக்குள் புதிய பதிப்பின் தரவைச் சுமக்கும் பேலோட் கோப்புக்கும் தனியாக ஒரு கையொப்பம் உண்டு, அப்டேட்டை எழுதும் அப்டேட் எஞ்சின் அதைச் சோதிக்கும். எல்லாம் முடிந்து ஃபோன் எழும்போது வெரிஃபைட் பூட் ஒவ்வொரு பகுதியையும் மறுபடி சரிபார்க்கும். இந்த மூன்று அடுக்கும் பூட்லோடர் மூடியிருக்கும் ஃபோனில் முழு வலிமையோடு இயங்குகின்றன. சைடுலோடை இவ்வளவு தைரியமாகப் பரிந்துரைக்க இதுதான் காரணம்.

கையொப்பம் வாலில் இருப்பதால் வரும் ஒரு தொல்லை மேக் பயனர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. சஃபாரி உலாவி, இறக்கிய ஜிப்பைத் தானாகவே விரித்துவிடும். கைக்குக் கிடைப்பது ஒரு கோப்புறை. அதை மறுபடி ஜிப் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அதேதான், ஆனால் கையொப்பம் போய்விட்டது. 'கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி' என்று பிழை 21 வரும். சஃபாரி அமைப்பில் 'பாதுகாப்பான கோப்புகளைத் திற' என்ற தேர்வை அணைத்துவிட்டு மறுபடி இறக்குவதுதான் தீர்வு.

அதிகாரப்பூர்வப் பக்கத்தில் வருவதற்கு முன்பே சில அப்டேட்களின் இணைப்புகள் டெலிகிராம் குழுக்களில் சுற்றும். கூகுள் ஏபிஐஸ் சர்வரிலிருந்து யாரோ ஒருவருடைய ஃபோனுக்கு வந்த ஓடிஏவின் முகவரியைப் பிடித்துப் பகிர்ந்திருப்பார்கள். முகவரி உண்மையிலேயே கூகுளின் டொமைன் என்றால் கோப்பு அசலாக இருக்கும். வேறு கோப்புப் பகிர்வுத் தளத்துக்குப் போனால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். இவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளியிடப்பட்ட ஹாஷ் இருக்காது. ஜிப்புக்குள் 'பேலோட் ப்ராப்பர்ட்டீஸ்' என்றொரு உரைக் கோப்பு இருக்கும். அதில் ஃபைல்-ஹாஷ் என்ற வரியில் பேலோட் கோப்பின் எஸ்எச்ஏ-256 பேஸ்64 வடிவில் எழுதியிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு பேலோடின் ஹாஷை இரும வடிவில் எடுத்து, பேஸ்64 ஆக்கி ஒப்பிட்டால் கோப்பு சிதைந்திருக்கிறதா என்றாவது தெரியும். இப்படி வருபவை பெரும்பாலும் மாற்றங்களை மட்டும் கொண்ட சிறிய கோப்புகள். ஃபோனில் இருக்கும் பில்ட் ஒரு புள்ளிகூட மாறாமல் அதே பழைய பில்டாக இருந்தால்தான் ஏறும்.

நேர முத்திரை: ஒப்பிட வேண்டிய உண்மையான எண்

ரெக்கவரி பில்ட் எண்ணைப் பார்ப்பதில்லை, கோப்பின் நேர முத்திரையை, அதாவது அந்த பில்ட் உருவான நேரத்தைப் பார்க்கிறது. ஏற்றப்போகும் கோப்பின் நேரம் இப்போது ஃபோனில் இருப்பதைவிடப் பழையது என்றால், 'இப்போதுள்ள பில்டைவிட இந்தத் தொகுப்பு பழையது, பின்னோக்கிப் போக அனுமதியில்லை' என்று சொல்லி நிறுத்திவிடும். அதே பில்டை மறுபடி ஏற்றலாம், நேரம் சமமாக இருந்தால் தடையில்லை.

இந்த எண்ணை முன்கூட்டியே பார்த்துவிட முடியும். ஜிப்பை விரிக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தால் மெட்டா-இன்ஃப், அதற்குள் காம், அதற்குள் ஆண்ட்ராய்ட், அதற்குள் மெட்டாடேட்டா என்ற சிறிய உரைக் கோப்பு இருக்கும். அதில் 'போஸ்ட்-டைம்ஸ்டாம்ப்' என்ற வரியில் பத்து இலக்க எண் ஒன்று. 'போஸ்ட்-பில்ட்' வரியில் ஏறப்போகும் பில்ட், 'ப்ரீ-டிவைஸ்' வரியில் ஃபோனின் குறிப்பெயர், இன்னொரு வரியில் செக்யூரிட்டி பேட்ச் தேதி. ஃபோனில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க, ஏடிபி (கணினியிலிருந்து கேபிள் வழியாக ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஷெல்லில் 'கெட்ப்ராப்' கட்டளைக்கு 'ரோ.பில்ட்.டேட்.யூடிசி' என்று கொடுங்கள். அதே மாதிரி பத்து இலக்கம் வரும். கோப்பின் எண் பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் ஏறும்.

ஆனால் ஏறுமா என்பதைவிட, ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதே பெரிய கேள்வி. பீட்டா ஏறிவிட்டால் அதைவிடப் புதிய நேரமுள்ள நிலையான பில்ட் வரும்வரை ஃபோன் அதிலேயே நிற்கும். இடையில் மாதாந்திர நிலையான அப்டேட் வரும். அதன் நேரம் பழையதாக இருந்தால் எடுக்காது. இதை வெறும் ஒரு விதி என்று நினைத்து ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. நடக்காது, அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருக்கிறது. ஃபோனின் தரவைக் குறியாக்கம் செய்யும் சாவிகள் ஆண்ட்ராய்ட் பதிப்போடும் செக்யூரிட்டி பேட்ச் தேதியோடும் பிணைக்கப்பட்டவை. தேதி பின்னால் போனால் அந்தச் சாவிகள் செயலற்றுவிடும், உள்ளே இருக்கும் தரவு திறக்காது. பீட்டாவிலிருந்து வெளியேறும்போது ஃபோனைத் துடைக்கச் சொல்வது கூகுளின் பிடிவாதம் அல்ல; துடைக்காமல் பின்னால் போனால் தரவு இருந்தும் இல்லாதது போலத்தான்.

முன்னேற்பாடு

ஏடிபி அடங்கிய பிளாட்ஃபார்ம்-டூல்ஸ் தொகுப்பைக் கூகுளின் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். நிறுவ வேண்டியதில்லை, விரித்தால் போதும். லினக்ஸ் களஞ்சியங்களில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. பழைய ஏடிபி பெரிய கோப்பை அப்படியே நினைவகத்தில் ஏற்றப் பார்த்து, 'கோப்பைப் படிக்க முடியவில்லை' என்று விழுந்துவிடும். கோப்பு கண்முன்னே இருக்கும், பெயரும் சரியாக இருக்கும், ஆனாலும் படிக்க முடியாது என்று சொல்லும். குழம்ப வேண்டாம், கருவிதான் பழையது.

ஓடிஏ ஜிப்பையும் அதே கோப்புறையில் வையுங்கள். பாதையில் இடைவெளி இல்லாமல் இருந்தால் நல்லது.

ஃபோனில் அமைப்புகள், 'ஃபோனைப் பற்றி' போய் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அங்கே யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கேபிளை மாட்டி 'ஏடிபி டிவைசஸ்' கொடுத்தால் ஃபோன் திரையில் அனுமதி கேட்கும். அனுமதித்த பிறகு வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'டிவைஸ்' என்று வர வேண்டும். 'அன்ஆத்தரைஸ்டு' என்றால் திரையில் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. உபுண்டுவில் 'அனுமதியில்லை' என்று வந்தால் யூஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி தரும் யூடெவ் விதிகள் இல்லை என்று பொருள். பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

அதே பக்கத்தில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தானும் இருக்கும். சைடுலோடுக்கு அது தேவையில்லை. ஆனாலும் பீட்டா ஏற்றும் முன் அதை இயக்கி வைப்பதே எங்கள் பரிந்துரை. பீட்டா எழவே இல்லை என்றால், இந்தப் பொத்தான் முன்பே இயங்கியிருந்தால்தான் பூட்லோடரைத் திறந்து ஃப்ளாஷ் டூலால் மீட்க முடியும். எழாத ஃபோனில் பிறகு போய் அதை இயக்க வழியில்லை. ஃபோன் திருடுபோனால் பாதுகாப்பு சற்றுக் குறையும் என்பதால், பீட்டா ஓரிரு நாள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள்.

காலியிடம் 6 ஜிபியாவது இருக்கட்டும், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். பேக்அப் எடுக்காமல் தொடவே வேண்டாம். முக்கியமாக இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி, வாட்ஸ்அப், ஃபோனில் மட்டும் இருக்கும் படங்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஏற்றுதல்

'ஏடிபி ரீபூட் ரெக்கவரி' என்று கொடுத்தால் ஃபோன் அணைந்து எழுந்து, மல்லாந்து கிடக்கும் ஆண்ட்ராய்ட் பொம்மையையும் 'நோ கமாண்ட்' என்ற எழுத்தையும் காட்டும். பாதிப் பேர் இங்கேயே பயந்துவிடுகிறார்கள். இது பிழையல்ல, ரெக்கவரியின் வாசல். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப் பொத்தானை ஒருமுறை தட்டி விட்டால் மெனு வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் மெனு வராது, ஃபோன்தான் மறுபடி தொடங்கும்.

மெனுவில் வால்யூம் பொத்தானால் நகர்ந்து 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' என்ற வரியைப் பவர் பொத்தானால் தேர்ந்தெடுங்கள். கணினியில் மறுபடி 'ஏடிபி டிவைசஸ்'. இந்த முறை 'டிவைஸ்' என்பதற்குப் பதிலாக 'சைடுலோட்' என்று வர வேண்டும். விண்டோஸில் காலிப் பட்டியல் வந்தால் டிரைவர் பிரச்சினை: ரெக்கவரியில் இருக்கும் ஃபோனை விண்டோஸ் வேறொரு சாதனமாகப் பார்க்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதற்கு கூகுள் யூஎஸ்பி டிரைவரைக் காட்டி, 'ஆண்ட்ராய்ட் ஏடிபி இன்டர்ஃபேஸ்' என்று தேர்ந்தெடுத்தால் உடனே தெரியும்.

பிறகு 'ஏடிபி சைடுலோட்', இடைவெளி, கோப்புப் பெயர். பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் தட்டினால் மீதி தானே நிரம்பும்.

ஃபோன் முதலில் கையொப்பத்தைச் சரிபார்க்கும், பிறகு 'ஸ்டெப் 1/2', 'ஸ்டெப் 2/2' என்று போகும். கணினியில் ஓடும் சதவீதத்தை நம்பாதீர்கள். ஒரு கோப்பைத் தோராயமாக எத்தனை முறை படிக்க வேண்டியிருக்கும் என்ற ஊகத்தில் அது கணக்கிடப்படுகிறது. ஆகவே 47-லோ 94-லோ நின்றுபோவது சாதாரணம். அங்கே நின்றவுடன் கேபிளைப் பிடுங்கியவர்கள் நிறைய. கணினித் திரை என்ன சொன்னாலும் ஃபோன் திரையில் 'ஸ்டேட்டஸ் 0' என்று வரும்வரை தொடக்கூடாது. பூஜ்யம் என்றால் வெற்றி. அதன் பிறகு 'ரீபூட் சிஸ்டம் நவ்'.

தவறும் இடங்கள்

'சைடுலோட் கனெக்ஷன் ஃபெயில்டு, க்ளோஸ்டு' என்று வந்து, கிட்கேட் காலத்துக்கு முந்தைய முறையை முயல்வதாகவும் ஒரு வரி வந்தால், ஃபோன் சைடுலோட் நிலையில் இல்லை. மெனுவில் அந்த வரியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது முதல் முயற்சியில் மறுத்த ரெக்கவரி மெனுவுக்குத் திரும்பியிருக்கும். மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும்.

பாதியில் துண்டிக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் கேபிள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், மேசைக் கணினி என்றால் பின்பக்க போர்ட். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களை ஓரமாக வையுங்கள். பாதியில் நின்றாலும் ஃபோனுக்கு ஒன்றும் ஆகாது. ஃபோனில் மென்பொருளுக்கு ஸ்லாட் எனப்படும் இரண்டு இடங்கள் உண்டு; ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லாட்டை விட்டுவிட்டு மற்ற ஸ்லாட்டுக்குத்தான் எழுதப்படுகிறது. மறுபடி தொடங்கினால் பழைய பதிப்பிலேயே எழும். 2016-இல் முதல் பிக்சலோடு வந்த இந்த இரட்டை ஸ்லாட் அமைப்புதான் சைடுலோடை அச்சமில்லாத வேலையாக மாற்றியது.

பிழை 7 என்றால் எழுத வேண்டிய பகுதியைத் திறக்க முடியவில்லை. ரெக்கவரியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் போய்விடும். 51 என்றால் மேலே சொன்ன நேர முத்திரை. 60 என்றால் காலியிடம் போதவில்லை. ஃபோனைச் சாதாரணமாக எழுப்பி, சில ஜிபி விடுவித்துவிட்டு வாருங்கள்.

எழுந்த பிறகு

பிக்சல் 6 முதலான ஃபோன்களில் இருப்பது விர்ச்சுவல் ஏ/பி. இரண்டாவது ஸ்லாட்டுக்கு முழு இடம் ஒதுக்காமல், மாற்றங்களை ஒரு தற்காலிகப் பிரதியாக எழுதி வைத்துக்கொள்ளும் முறை. புதிய பதிப்பு ஒழுங்காக எழுந்துவிட்டது என்று உறுதியானதும் பின்னணியில் அந்தப் பிரதி பழையதோடு இணைக்கப்படும். எழாவிட்டால் பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பும். ஆனால் எழுந்து, இணைப்பு தொடங்கிவிட்டால் பழையது கரைந்துவிடும். 'பிடிக்கவில்லை என்றால் பழைய ஸ்லாட்டுக்கு மாறிக்கொள்ளலாம்' என்ற பழைய அறிவுரை இந்த ஃபோன்களுக்குப் பொருந்தாது. பாதுகாப்பு வலை, முதல் வெற்றிகரமான எழுச்சி வரைதான்.

இணைப்பு முடியும்வரை ஃபோன் சற்றுச் சூடாகவும் மந்தமாகவும் இருக்கும், செயலிகளையும் பின்னணியில் மறுபடி தொகுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அடுத்த ஓடிஏவை ஏற்றவோ ஃபேக்டரி ரீசெட் செய்யவோ வேண்டாம். சார்ஜரில் போட்டு ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முதல் நாள் பேட்டரியை வைத்து பீட்டாவுக்கு மதிப்பெண் போடுவது நியாயமல்ல.

2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்ட் 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ ஃபோன்களில் பூட்லோடரின் பின்னோக்குத் தடை எண் (பழைய பூட்லோடரை ஏற்காமல் தடுக்கும் எண்) உயர்த்தப்பட்டது. அதன் பிறகு பூட்லோடரைத் திறந்தாலும் அதற்கு முன் வந்த ஆண்ட்ராய்ட் 12 பில்ட்களுக்குத் திரும்ப முடியாது. சிக்கல் அதோடு நிற்கவில்லை. பூட்லோடர் பகுதிக்கு உண்மையாகவே இரண்டு ஸ்லாட் உண்டு, பயன்பாட்டில் இல்லாத ஸ்லாட்டில் பழைய பூட்லோடர் கிடக்கும். ஏதோ காரணத்தால் ஃபோன் அந்தப் பக்கம் சாய்ந்தால் எழவே எழாது. புதிய பதிப்பு ஒருமுறை எழுந்து, இணைப்பும் முடிந்த பிறகு, அதே முழு ஓடிஏவை இன்னொரு முறை சைடுலோட் செய்தால் மற்ற ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடர் ஏறிவிடும். முழு ஓடிஏவை மாற்றங்கள் மட்டும் கொண்ட கோப்பைவிட மேலாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியீட்டுக் குறிப்பில் 'பூட்லோடர் அப்டேட்', 'பின்னோக்குத் தடை' என்ற சொற்கள் தென்பட்டால் இந்த இரண்டாம் சுற்றைத் தவறவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை அணையுங்கள். இந்தியாவின் சில வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் டெவலப்பர் தேர்வுகள் இயங்கினாலே திறக்க மறுக்கும். பீட்டாதான் காரணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டெவலப்பர் தேர்வுகளை முழுவதுமாக அணைத்துப் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள். அணைத்தும் திறக்கவில்லை என்றால் அந்தச் செயலி அந்த பீட்டாவை ஏற்கவில்லை. அடுத்த பில்ட் வரை வேறு ஃபோனில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. பணப் பரிமாற்றம் முழுவதும் ஒரே ஃபோனில் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஃபோனில் பீட்டா வேண்டாம்.

வெளியேறும் ஜன்னல்

துடைக்காமல் வெளியேற ஒரே வழி, நிலையான பதிப்பு உங்கள் பீட்டாவைத் தாண்டி வரும் தருணத்தைப் பிடிப்பது. 2025-ஐயே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்ட் 16 பீட்டா 4 ஏப்ரல் 17-இல் வந்தது. மே 20-இல் அடுத்த காலாண்டு வெளியீடான க்யூபிஆர்1-இன் முதல் பீட்டா வந்துவிட்டது. ஆண்ட்ராய்ட் 16-இன் நிலையான பதிப்பு அதற்குப் பிறகுதான், ஜூன் 10-இல் வந்தது. பீட்டா 4-இலேயே நின்றவர்கள் ஜூனில் எதுவும் இழக்காமல் நிலையான பதிப்புக்கு வந்தார்கள். மே மாதத்தில் ஆசைப்பட்டு க்யூபிஆர்1 பீட்டாவை ஏற்றியவர்களுக்கு ஜூன் மாத நிலையான பதிப்பு பின்னோக்கிய படி. துடைக்காமல் வெளியே வர செப்டம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒவ்வொரு புதிய பீட்டா வரும்போதும், அது இப்போதைய வரிசையின் தொடர்ச்சியா, அடுத்த வரிசையின் தொடக்கமா என்று பெயரைப் பாருங்கள். அடுத்த வரிசை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, பீட்டா திட்டத்திலும் பதிவு செய்திருந்தால் அதிலிருந்து விலகுங்கள். விலகியவுடன் ஃபோனுக்கு ஒரு அப்டேட் வந்து நிற்கும். நிலையான பதிப்புக்குத் திருப்பி அனுப்பும் அந்த அப்டேட் ஃபோனைத் துடைத்துவிடும், அதைத் தொடாதீர்கள். தானாக நிறுவிவிடாமல் இருக்க, டெவலப்பர் தேர்வுகளில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' பொத்தானை அணைத்து வையுங்கள். நிலையான பதிப்பின் முழு ஓடிஏ வெளியானதும் அதன் மெட்டாடேட்டாவைத் திறந்து பத்து இலக்கத்தை ஒப்பிடுங்கள். ஃபோனில் இருப்பதைவிடப் பெரியது என்றால் அன்றைக்கே சைடுலோட் செய்து வெளியே வந்துவிடலாம்.